விழப்போகும் மரமும் ஐந்தாம் கற்பனையும்



சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் 13-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணலாகாது என்பது ஆண்டவருடைய போதனை. நாமோ, மரம் விழுந்து ஒருவன் அடிபட்டால் "அவன் தலையெழுத்து" என்கிறோம். கொஞ்சம் பக்தியுள்ளவர்களானால் "சர்வேசுரன் சித்தம்" என்கிறோம். அடிமரத்தில் காளான் பூத்து, மூன்று மழைக்காலம் சாய்ந்தே நின்ற மரத்தை வெட்டாமல் விட்டது யாருடைய சித்தம்?

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் புளியமரம், அந்தப் பக்கம் கூரை வீடு. வீட்டுக்காரி ஒரு விதவை. காற்றடிக்கும் இரவுகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்து விடிய விடியச் செபமாலை சொல்கிறாள். மரக்காரரோ, "பாட்டன் வைத்த மரம் சாமி, என் நிலத்தில் நிற்கிறது, அவளுக்கென்ன?" என்கிறார். வேர் உம்முடைய நிலத்தில்தான் இருக்கிறது, ஐயா. விழும்போது அது எல்லைக்கல் பார்த்தா விழும்? ஒரு வீட்டு வழக்கென்றால் அங்கேயே பேசி முடித்திருப்பேன். நம் பங்கில் இப்படி நாலைந்து இடங்களில் இருப்பதால்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன்.

மோயீசன் சட்டத்தில் இரண்டு கட்டளைகளைக் கவனியுங்கள். புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் ஒருவன் விழுந்து செத்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம். யாத்திராகமமோ முட்டுகிற மாட்டைப்பற்றிப் பேசுகிறது. திடீரென்று மாடு முட்டினால் உடையவன் குற்றவாளியல்ல. அது முட்டும் மாடு என்று முன்னமே எச்சரித்தும் கட்டிவைக்காமல் விட்டவனோ உயிருக்கு உத்தரவாதி. எல்லாம் அந்த எச்சரிப்பில்தான் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் நோயே அறியாத தென்னைகளும் முறிந்து கிடந்தன. அதற்கு யாரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அயலார் வந்து காட்டியும் அசையாதிருந்தவனுக்கு, கொலை செய்யாதே என்ற கற்பனையை நான் மீறவில்லை என்று சொல்ல வாயில்லை. நஷ்டபரிகாரமும் அவன் தலையிலேயே விழும்.

இதற்காக அரிவாளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடாதீர்கள். அதே 13-ம் அதிகாரத்தில், கோபுரத்தை அடுத்தே, காய்க்காத அத்திமரம் வருகிறது. இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தோட்டக்காரன் அதற்காக மன்றாடுகிறான். முற்றுகைப் போரிலும் கனிமரத்தை வெட்டாதே என்றது பழைய சட்டம். வாசலில் சருகு விழுகிறதென்று நல்ல வேம்பைச் சாய்த்துவிட்டு "அபாயம்" என்று பெயர் சொல்கிறவர்களையும் நான் அறிவேன். பட்ட கிளையையும், கூரைமேல் நீண்ட கிளையையும் கழித்தாலே பல மரங்கள் பிழைத்துக்கொள்ளும். மொட்டையடிப்பது வேண்டாம். வெட்டின முனையில் கொத்தாய்த் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பில்லை. நாளை அவையே முறியும்.

எதைப் பார்ப்பது? புதிதாய்ச் சாய்ந்து, எதிர்ப்புறம் மண் வெடித்து எழும்பியிருத்தல்; கவைப் பிளவு; உச்சி காய்தல்; கோடரியின் பின்புறத்தால் தட்டினால் டொக்கென்று கேட்கும் பொந்து. தென்னையானால் தண்டில் ஓட்டையும், அதிலிருந்து மென்ற நாரும் பழுப்புச் சாறும் வெளிவருவது சிவப்புக் கூன்வண்டின் வேலை. அடியில் காளான் தோன்றினால் தஞ்சாவூர் வாடல்; 1952 புயலுக்குப் பின் நம் ஜில்லாவில் கண்ட நோயாகையால் அந்தப் பெயர்.

கனத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாய் வெட்டினால் பட்டை அடிவரை உரிந்து மரமே புண்ணாகும். முதலில் கீழிருந்து கொஞ்சம், பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து, கடைசியில் மீந்த கட்டையைக் கிளையடிப் புடைப்பை ஒட்டி அறுக்க வேண்டும். மின்கம்பி அருகே இருந்தால் ஆபீசில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் ஒருவரும் ஏறலாகாது. பச்சைக் கிளையிலும் நனைந்த கயிற்றிலும் மின்சாரம் பாயும். சாலையோர மரமும் புறம்போக்கு மரமும் சர்க்காருடையவை. உத்தரவின்றி கை வைக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் என் மனதை அதிகம் உறுத்துவது மரக்காரருமல்ல, அயலாருமல்ல, மரமேறுகிறவன். வழக்கு நம்முடையது, உயிர் அவனுடையது. நூறு ரூபாய் குறைக்க அவனோடு அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். வடம் பழசா என்று பார்ப்பதில்லை. வண்டு குடைந்த தென்னையில் அவனை ஏற்றுவது பாவம். தள்ளி நின்று வடம் கட்டி இழுத்துச் சாய்க்க வழியுண்டா என்று பாருங்கள். இல்லையேல் இயந்திரத்துக்குச் செலவழியுங்கள். அவன் விழுந்தால் வைத்தியச் செலவு உங்கள் கடமை. அதைத் தருமம் என்று எண்ண வேண்டாம்.

விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்ற மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதுச் சட்டத்தில் அது 152-ம் பிரிவு. ஒரே பந்தியில் நன்மை வாங்குகிறவர்கள் அதுவரை போக வேண்டுமா?

ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் உபதேசியாரும் மரம் தெரிந்த இருவரும் கேட்கிற வீடுகளுக்கு வருவார்கள். பொந்தில் கிளிக்குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை பொறுக்கலாம். கல்லறைத் தோட்டத்து வாகையிலிருந்து ஆரம்பிக்கிறோம். அதன் பட்ட கிளை பாதைமேல் தொங்குகிறது. புது வடமும் ஏணியும் கோவிலில் இருக்கின்றன. கூலி கொடுக்க முடியாதவர்கள் என்னிடம் தனியே சொல்லலாம்.