கட்டி கரைந்தது, நேர்ச்சை யாருக்கு?

நெல்லை மேலப்பாளையத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு மலத்தோடு ரத்தம் போகிறது என்று வையுங்கள். உட்கார்ந்தே இருக்கிற சூடு என்பார் பக்கத்து வீட்டுக்காரி. மூலம் என்பார் மருந்துக்கடைக்காரர். ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்கிறது சுவரில் ஒரு போஸ்டர். ஆளாளுக்கு நோயின் பெயரைச் சொல்லியாயிற்று. விரல் விட்டுச் சோதித்தவர் மட்டும் யாருமில்லை. கேட்டால், வெட்கமாம்.

அது மலக்குடல் புற்றாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுக்கு 1908இல் லண்டன் மருத்துவர் எர்னெஸ்ட் மைல்ஸ் காட்டிய வழி, ஆசனவாயோடு சேர்த்து எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டுவது. பிற்பாடு, கத்தி வைக்கும் முன்பே கதிர்வீச்சும் கீமோவும் கொடுக்கும் முறை வந்தது. அதில் ஒரு விசித்திரம். சிலருக்கு வெட்டியெடுத்த குடலைச் சோதித்துப் பார்த்தால் புற்றணு ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் எதை வெட்டினோம்?

பிரேசிலின் சாவ்பாலோவில் அஞ்சலிட்டா ஹாபர்-காமா என்ற அறுவை மருத்துவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். சிகிச்சைக்குப் பின் கட்டி முழுக்க மறைந்தவர்களை வெட்டாமல் கண்காணித்தார். 2004இல் கணக்கை வெளியிட்டார்: 265 பேரில் 71 பேருக்குக் கட்டி மறைந்திருந்தது. சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. புற்று இருந்த இடத்தை வெட்டியே தீரவேண்டும் என்பது வெள்ளைக் கோட்டு போட்டவர்களின் வேதவாக்கு. மூடநம்பிக்கை பாமரருக்கு மட்டும் சொந்தமில்லை.

சரி, அதே கட்டி நம் ஊரில் கரைந்தால்? தர்காவில் நேர்ச்சை, நெல்லையப்பருக்கு அர்ச்சனை, பாளையங்கோட்டை சவேரியார் பேராலயத்தில் மெழுகுவர்த்தி. இந்த விஷயத்தில் நம்மிடம் மத நல்லிணக்கத்துக்குக் குறைவே இல்லை. அது போகட்டும். ‘அதிசயம் நடந்துவிட்டது, இனி ஆஸ்பத்திரி எதற்கு’ என்கிறோமே, அதோடுதான் என் சண்டை. கட்டி மறைந்து கண்காணிப்பில் இருந்த 880 பேரின் கணக்கு 2018இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு ஆண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது திரும்ப முளைத்திருந்தது. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, எம்ஆர்ஐ என்று கூப்பிடுகிறார்கள். நேரத்தோடு பிடித்தால் அப்போது அறுவை செய்து காப்பாற்றப் பெரும்பாலும் வழி உண்டு. சந்தேகத்தை நிறுத்தினால் அந்த வழி அடைபடும்.

கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் பிறகு கட்டியில் சிறு மிச்சம் மட்டும் இருந்தால், தகுந்தவர்களுக்கு ஆசனவாய் வழியாகவே அதை அகற்றிக் குடலைக் காப்பாற்றும் அறுவையும் இருக்கிறது. எல்லோருக்கும் இந்த யோகம் வாய்க்காது, சிலருக்குப் பைதான். பைக்குப் பயந்து சிகிச்சையை விட்டே ஓடுகிறவர்கள் உண்டு. பையோடு எப்படித் தொழுவது, எப்படிக் கோயிலுக்குப் போவது, எப்படிப் பந்தியில் உட்காருவது? தொழுகையைப் பொறுத்தவரை, அடக்க முடியாத கழிவு உள்ளவருக்கு இஸ்லாமியச் சட்டமே சலுகை தந்திருக்கிறது; ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளு என்னும் அங்கசுத்தி செய்துகொண்டு தொழலாம். மார்க்கம் தந்த சலுகையைச் சொந்தக்காரர்கள்தான் தர மறுக்கிறார்கள்.

பீடிக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணித் தருவது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அந்தக் கூலி இல்லை. கந்தூரிக்கும் கோயில் கொடைக்கும் வீடு வீடாகப் பிரிக்கத் தெரிந்த தெருக்களுக்கு, ஒரு நோயாளியின் இரண்டு ஆண்டுப் பரிசோதனை நாட்களுக்கான கூலியைப் பிரிக்கத் தெரியாதா? நேர்ச்சைக்கு முடிந்து வைத்த காசை அதற்குக் கொடுங்கள். ரத்தம் போகிறவரை முதலில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். விரல் பரிசோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.