முதுமையில் அயல்நாட்டுறைவு அறமாமோ?

சின்னாட்களுக்கு முன், எம்பால் பாடங்கேட்கும் மாணவர் ஒருவர் மாலை வகுப்பு முடிந்தபின் ஒரு வினாவை எழுப்பினர். ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாடுகளில் தொழில்புரிந்து ஓய்வுபெற்ற முதியோர் பலர், தமக்குக் கிடைக்கும் சிறு ஓய்வூதியங்கொண்டு தந்நாட்டில் வாழ்தல் அரிதாகலின், செலவு குறைந்த வெப்பநாடுகளாகிய தாய்லாந்து முதலியவற்றிற் குடிபுகுந்து இறுதிநாள்வரை ஆங்கே உறைகின்றனர். இச்செயல் அறமாமோ அன்றோ என்பதே அவ்வினா. யாம் சற்றும் ஆராயாது, “அது சுகவேட்கையன்றிப் பிறிதில்லை, காடு சேரவேண்டிய வயதிற் கடற்கரை சேர்கின்றனர்” என்று விடை கூறினேம். மாணவர் நகைத்து எழுந்து சென்றனர். எமக்கோ அன்றிரவு துயில் வந்திலது. கண்டறியாத மாந்தர்மேற் கண்டார்போலத் தீர்ப்புரைத்தேம் என்னும் உறுத்தலே அதற்குக் காரணம். அப்பிழைக்குக் கழுவாயாக அப்பொருளை ஈண்டு முறைப்பட ஆராய்வாம்.

தாய்லாந்து நம் அன்பர்களுக்கு முற்றும் அயலன்று. சீயம் என்னும் பழம்பெயருடைய அந்நாட்டில், அரசவைப் பிராமணர் ஆண்டுதோறும் நிகழ்த்தும் விழாவொன்றன் பெயர் திருவெம்பாவை திருப்பாவை என்னும் பெயர்களின் திரிபாதலை அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகலின், அந்நாட்டைச் சான்றாகக்கொண்டு இவ்வினாவை நோக்குதல் நமக்கு எளிதாம்.

முதற்கண் பொருளியல்பை உள்ளவாறு அறிதல் வேண்டும். அந்நாட்டு அரசியலார், ஐம்பதாண்டு நிறைந்த அயல்நாட்டார்க்கு ஓய்வுறைவின்பொருட்டு ஓராண்டு இசைவு வழங்குகின்றனர். அதனைப் பெறுவார் அந்நாட்டு வங்கியில் 8,00,000 பாட் வைப்பாகக் காட்டல் வேண்டும்; அன்றேல் திங்கள்தோறும் 65,000 பாட் வருவாய் உண்மை காட்டல் வேண்டும். அவ்விசைவு ஆண்டுதோறும் புதுக்கப்படுவது. 90 நாட்களுக்கொருமுறை தாம் உறையுமிடத்தைக் குடிவரவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். ஊதியம் பெற்றுத் தொழில் செய்தல் விலக்கப்பட்டது. நிலத்தைத் தம் பெயரால் உடைமையாக்கிக் கொள்ளுதலும் பொதுவிதியால் ஆகாது. அடுக்குமாடிக் கட்டிடத்துள் வீடு கொள்ளலாமாயினும், அக்கட்டிடப் பரப்பில் நூற்றுக்கு 49 பங்கிற்குமேல் அயலார்க்கு உரிமையாதல் கூடாது. இத்துணைக் கட்டுக்களையும் ஏற்று அவர்கள் வருதற்குக் காரணம் ஒன்றே. தந்நாட்டு நகரங்களில் வாடகையும் குளிர்காலத்து வெப்பமூட்டுஞ் செலவும் பெரும்பாகத்தை விழுங்கிவிடும் அதே பணம், சியங் மாய் போன்ற நகரில் உறையுளும் உணவும் மருந்தும் உதவியாளும் தருதற்குப் போதியதாகின்றது.

இதன்மேல் தடை நிகழ்த்துவார் கூறுவன மூன்று. தம்மை வளர்த்த நாட்டைத் தளர்ந்த காலத்து நீங்குதல் நன்றி கோறலாம் என்பது ஒன்று. உழைப்பால் வாராது நாணயமதிப்பின் ஏற்றத்தாழ்வால் வருஞ் சுகம், பிறர் வறுமையை உண்டு வாழ்தலாம் என்பது மற்றொன்று. மக்களும் சுற்றமும் அன்பாற் செய்யவேண்டிய பணியை விலைக்குப் பெறுதல் பேணலாகாது, வாணிகமேயாம் என்பது மூன்றாவது.

இவற்றுள் முதற்றடை வலியுடைத்தன்று. நாற்பதாண்டு உழைத்து வரியிறுத்த ஒருவர் நாட்டிற்குரிய கடனைப் பெரும்பாலும் தீர்த்தவரே யாவர். அன்றியும், நாட்டின்பாற் பற்றினை இடத்தால் அளத்தல் எத்துணைப் பொருந்தாதென்பதற்கு அரசுகளின் செயலே சான்று. பிரித்தானிய ஓய்வூதியம் பெறுவார் இருவர், ஒரே அளவு பங்கு செலுத்தியவர், ஒருவர் பிலிப்பைன்சிலும் மற்றொருவர் தாய்லாந்திலும் வாழ்வாராயின், முன்னவர்க்கு ஆண்டுதோறும் ஊதியம் உயரும். பின்னவர்க்கோ முதலில் வரையறுத்த அளவிலேயே உறைந்து நிற்கும். இவ்வேறுபாடு உடன்படிக்கை உண்மையின்மைபற்றி வந்ததேயன்றி அவ்விருவர் தம் அறம்பற்றி வந்ததன்று. அமெரிக்க நாட்டு முதியோர்க்குரிய அரசு மருத்துவக் காப்பும் பொதுவாக அந்நாட்டெல்லைக்கு அப்பாற் செல்லாது. ஆகவே, நீங்கினார் நாட்டினைத் துறந்தாரென்றல் ஒருபுடை மெய்யாயின், நாடும் அவரை ஒருபுடை துறந்ததென்றலும் மெய்யேயாம்.

இரண்டாந் தடையே உண்மையில் ஆராயத்தக்கது. ஈண்டு யாம் மாணவர்க்குக் கூறிய விடையையும் எடுத்துக்கொள்வாம். காடுறைதல் என்னும் பழைய நிலைக்கும் இவ்வயல்நாட்டுறைவிற்கும் புறத்தே ஒப்புமை உண்டு. இருவரும் பழகிய இல்லத்தை நீங்குகின்றனர், இருவரும் சிறுபொருளில் வாழ நினைக்கின்றனர். அகத்தே வேற்றுமை பெரிது. காடு செல்வான் தன் வேண்டலைச் சுருக்குகின்றான். இவரோ வேண்டலை நிறுத்திவைத்து அதன் விலையைச் சுருக்குகின்றார். யாம் இகழ்ந்தது இவ்வேற்றுமை நோக்கியே. ஆயின், பின்னர் எண்ணுங்கால் அவ்விகழ்ச்சி எல்லார்மேலும் செல்லாதெனத் தெளிந்தேம். வேண்டல் என்பது ஒருதன்மைத்தன்று. பொழுதுபோக்கிற்கும் களியாட்டிற்கும் வேண்டல் ஒன்று. குளிராத படுக்கைக்கும், பசித்தபோது உணவிற்கும், எழமாட்டாத உடலை எழுப்புங் கைக்கும் வேண்டல் மற்றொன்று. முன்னதைச் சுருக்குக என்றல் அறிவுரை. பின்னதைச் சுருக்குக என்றல் கொடுமை.

இனி, பிறர் வறுமையை உண்டல் என்பதனை நோக்குவாம். விலை குறைந்த ஊரிற் சென்று வாழ்வார், அவ்விலைக் குறைவைத் தாம் படைத்தாரல்லர். அவர் செலவிடும் பணத்தாற் சிலர்க்குத் தொழிலும் கிடைக்கின்றது. பலர் ஒருங்கு குடிபுகுந்த இடத்து வாடகை ஏறி ஊரார் சிலர் புறநகர்க்குத் தள்ளப்படுதலும் உண்டு. நன்மை தீமை இரண்டும் கலந்தனவாதலின் செயலை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறல் அமையாது. செய்வான் உள்ளம் நோக்கல் வேண்டும். அதற்கு ஓர் உரைகல் உண்டு. பிறர் வறுமையாற் பயன்பெறுதல் தன்னளவிற் குற்றமாகாது. அவ்வறுமை நீங்காதிருத்தலை விரும்புதலே குற்றம்.

இதனை நிகழ்ச்சி வாயிலாக விளக்குவாம். 1997-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தாய்லாந்து நாணயம் நிலைகுலைந்தது. அதற்குமுன் அமெரிக்க டாலர் ஒன்றற்கு ஏறக்குறைய 25 பாட் ஆயிருந்தது, 1998 சனவரியில் 50-ஐயுங் கடந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, நகரத்தில் வேலையிழந்தோர் பலர் சிற்றூர்க்குத் திரும்பினர். அஞ்ஞான்று டாலரில் ஓய்வூதியம் பெற்று ஆங்கு வாழ்ந்த முதியவர்க்கோ வருவாய் ஒரு முயற்சியுமின்றி இரட்டித்தது. அவர் அடுத்த வீட்டார் துயரத்தைக் கண்டு அவ்விரட்டிப்பை எண்ணி நாணினாரா, அன்றி மகிழ்ந்தாரா? அவர் விருந்தினரா, அன்றி வேட்டைக்காரரா என்பதனை அவ்வொரு கணமே காட்டும். சக்கரமோ ஒருபாற் சுழல்வதன்று. ஒருகாலத்து ஏறக்குறைய 70 பாட் பெற்ற பிரித்தானியப் பவுன், 2016-ஆம் ஆண்டுப் பொதுவாக்கெடுப்பிற்குப் பின்னர் 45-க்குங் கீழே வீழ்ந்தது. ஏற்றத்தைத் தம் தகுதியாலாயதென்று எண்ணியோர், இறக்கத்தைத் தம் தகுதியின்மையால் வந்ததென்று கொள்ளாமை வியப்பே.

மூன்றாந் தடைக்கு விடை வருமாறு. சியங் மாயில் மறதிநோயுற்ற சுவிட்சர்லாந்து, செருமனி நாட்டு முதியோரைப் பேணும் இல்லங்கள் உள. ஆங்குள்ள பணிமகளிர் ஊதியம் பெற்றே உண்பிக்கின்றனர், நீராட்டுகின்றனர், இரவில் அருகிருந்து கைபற்றுகின்றனர். அன்பு தொலைவிலிருந்து வருந்துகின்றது. கூலி அருகிலிருந்து துயர் துடைக்கின்றது. இவ்விரண்டனுள் நோயாளிக்கு வேண்டுவது யாது? ஊதியம் பெறுதலால் ஒருவர் செய்யும் பணியில் அருள் இல்லையாமென்றல் தவறு. யாமும் ஊதியம் பெற்றே தமிழ் கற்பித்தேம்.

ஆயினும், இத்தடையினுள் ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது. தாய்லாந்தும் இன்று முதுமையுற்ற நாடே. அதன் மக்களுள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் அறுபது கடந்தவர். அயல்நாட்டு முதியவரைப் பேணும் அம்மகளின் தாயும் யாதோ ஒரு சிற்றூரில் முதுமையுற்றிருத்தல் கூடும். அவளை எழுப்பும் கை யாருடையது? விலைக்குப் பெற்ற கை ஓரிடத்தினின்று எடுக்கப்பட்ட கை. இதனை நினைத்தல் பெறுவார் கடன். நினைந்தவர் அப்பணிமகட்கு ஊர் சென்று தாயைக் காண விடுப்பும் ஊதியமும் மறாது தருவர். நினையாதவர் அவளைக் கருவியெனக் கொள்வர். பேணல் வாணிகமாய் இழிதல் பொருள் கைம்மாறியபோதன்று, இம்மறதி நிகழ்ந்தபோதே என்க.

ஆகவே முடிபு இதுவாம். முதுமையில் அயல்நாடு சேர்தல் தன்னளவில் அறமுமன்று, மறமுமன்று. வேண்டலளவறிந்து, விருந்தினர் நிலை உணர்ந்து, தம்மைத் தாங்குவார் உயர்வை விரும்பி வாழ்வார்க்கு அது குற்றமாகாது. அவருயர்வைத் தம் செலவின் உயர்வாகவே கண்டு வெறுப்பார்க்கு அதுவே குற்றம். அன்னார் தந்நாட்டிலேயே இருப்பினும் குற்றம் நீங்காது.

இறுதியிற் கூறியது எம்மை நோக்கியே கூறியது. எம் இல்லத்திற் பாத்திரந் துலக்கித் துணி துவைக்கும் அம்மையார் சென்ற திங்களிற் கூலி சிறிது உயர்த்துமாறு கேட்டனர். யாம் கொடுத்தேமாயினும் முகங் கோணியே கொடுத்தேம். எம் ஓய்வூதியம் இவ்வூரிற் போதியதாயிருத்தற்கு அவர் கூலி குறைந்திருத்தலும் ஒரு காரணமென்பது அதுகாறும் எமக்குத் தோன்றிற்றிலது. கடல் கடவாமலே சியங் மாயில் வாழ்ந்திருக்கின்றேம் என்பதனை உணர்ந்தேம். அடுத்த வகுப்பில் அம்மாணவர்க்கு இதனையே விடையாகக் கூறக் கருதியுள்ளேம்.