மருந்துக்குக் களா இல்லை



திருக்குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எது என்று மதறஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். சூரத்துல் பகராவின் 282வது ஆயத்து. அது சொர்க்கத்தைப் பற்றியதன்று, நரகத்தைப் பற்றியதுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணைக் கடனை எழுதி வைக்க வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதென்று சடைந்து விட்டுவிடலாகாது என்பது அதன் கருத்து. வியாபாரிகளாகிய நாம் இதை ஓரளவு பேணியே வருகிறோம். ஐம்பது காசு பாக்கியும் சிட்டையில் ஏறிவிடுகிறது.

ஆனால் தினமும் மூன்று முறை மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் கணக்கு எங்கே எழுதப்படுகிறது? தாயின் மனத்தில் பாதி, தகப்பனின் மனத்தில் பாதி. கடையடைத்து இரவு பதினொரு மணிக்கு வரும் தகப்பன், "மருந்து கொடுத்தாச்சா?" என்று கேட்கிறார். தாய் அரைத் தூக்கத்தில் "உம்" என்கிறாள். அது கொடுத்ததற்குச் சொன்ன "உம்"மா, கேள்வி காதில் விழுந்ததற்குச் சொன்ன "உம்"மா?

நம் தம்பி மகளுக்கு நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும் நோய் உண்டு. கையில் பட்டை கட்டிப் பார்க்கிறார்களே, அந்தப் பிரஷர் வேறு, இது வேறு. இருதயத்தின் வலப்புறம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்குள்ள குழாய்கள் குறுகித் தடித்துவிட்டால், நாள் முழுதும் மூட்டை சுமக்கும் ஆளைப்போல் அந்தப் புறம் களைத்துப் போகிறது. சில பிள்ளைகளுக்கு இருதயத்தில் பிறவி ஓட்டையினால் வருகிறது. சிலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றே தோன்றும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும், ஓடினால் மயங்கியும் விழலாம். மயங்கி விழுந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும்.

இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சில்டெனாஃபில். இதன் பெயரைக் கேட்டதும் நம்மவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1998ல் வயாகரா என்ற பெயரில் ஆண்களுக்கென்று விற்பனைக்கு வந்த அதே சரக்குத்தான் இது. "சிறு பெண்ணுக்கு இதையா கொடுக்கிறீர்கள்?" என்று உறவினர் ஒருவர் தம்பியிடம் கேட்டு, நிறுத்திவிடச் சொன்னார். சகோதரர்களே, இந்த மருந்தை முதலில் சோதித்ததே இருதயத்தின் ரத்த ஓட்டத்துக்காகத்தான். நுரையீரல் குழாய் நோய்க்கு அமெரிக்காவில் 2005ல் அனுமதி கிடைத்தது. 2011ல் ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கும் அனுமதித்தார்கள். இறுகிய குழாயைத் தளர்த்துவது அதன் வேலை. வெட்கப்பட்டுப் பிள்ளையின் மருந்தை மறைப்பதும் நிறுத்துவதும் மார்க்கமல்ல.

இனி நேரத்துக்கு வருவோம். "மூன்று வேளை" என்று டாக்டர் சொன்னால் நாம் பசியாறல், பகல் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று எடுத்துக்கொள்கிறோம். காலை 8, பகல் 1, இரவு 8 என்று வைத்தால், இரவில் பன்னிரண்டு மணி நேரம் இடைவெளி விழுகிறது. இந்த மருந்திலோ பாதியளவு 3 முதல் 5 மணி நேரத்துக்குள் உடம்பிலிருந்து கழிந்துவிடும். விடியும்போது சொற்பமே மிஞ்சியிருக்கும். ஆகவே எந்தெந்த மணிக்கு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

வக்துகளோடு சேர்த்துக்கொண்டால் மறதி வராதே என்று நாம் யோசித்துப் பார்த்தோம். சிங்கப்பூரில் தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் அரை மணி அளவே முன்பின் ஆகும். சுபுஹு, ளுஹர், இஷா என்று வைத்தால் முதலிரண்டு இடைவெளிகளும் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு இடைவெளி ஒன்பதுக்கும் மேல். டாக்டரிடம் காட்டினோம். நல்ல யோசனைதான் என்று சொல்லி, 6, 2, 10 என்று திருத்தித் தந்தார். பகல் 2 மணிக்குப் பிள்ளை குர்ஆன் வகுப்பில் இருக்கிறது. உஸ்தாதிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இரவு பத்துக்குத் தூங்கும் பிள்ளையை எழுப்புவது பாவம் என்று பாட்டிமார் சொல்வார்கள். எழுப்பத்தான் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கத்தாலோ மறதியாலோ தொழுகை தவறினால் நினைவு வந்ததும் தொழும்படி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத் தந்தார்கள். ளுஹர் தவறியவர் அதைக் களாவாகத் தொழுது அஸரையும் தொழுகிறார், கடன் அடைகிறது. அந்தப் பழக்கத்தில் ஊறிய மனம், பகல் மருந்து தவறினால் இரவில் இரண்டாகக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யப் பார்க்கிறது. மருந்துக்கு இந்தக் களா கிடையாது. குழாயைத் தளர்த்தும் மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்தால் உடம்பின் ரத்த அழுத்தம் சரிந்து பிள்ளை மயங்கிவிடக்கூடும். சற்றுத் தாமதமாக நினைவு வந்தால் அந்த வேளையைக் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் தவறியதை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் வழக்கமான அளவே கொடுக்க வேண்டும். "நெருங்கிவிட்டது" என்றால் எத்தனை மணி, கொடுத்த மருந்தை வாந்தியெடுத்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டதை எழுதி வைக்க ஒரு நோட்டு வேண்டுமல்லவா? கடையில் பற்று வரவு எழுதும் நீள நோட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் டாக்டர் சொன்ன பதில்கள். பிறகு தேதி, மணி, அளவு, கொடுத்தவர் பெயர். பிள்ளை விழுங்கிய பிறகே எழுத வேண்டும். சரக்குக் கை மாறுமுன் நாம் ரசீது போடுவதில்லையே. திரவ மருந்தென்றால் பாட்டிலைக் குலுக்கி, மருந்தகத்தில் தந்த சிரிஞ்சினால் அளக்க வேண்டும். அடுக்களைக் கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. அளவில் குறைப்பவர்களுக்குச் சூரத்துல் முதஃப்பிஃபீனில் வரும் எச்சரிக்கையை நாம் தராசுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பாட்டில் காலியான பிறகு வாங்க ஓடுவதும் கூடாது. பெருநாள் விடுமுறைக்கு முன்பே இருப்பைப் பார்த்துவிடுங்கள். சளி, காய்ச்சலுக்கு வேறு கிளினிக் போனால் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் சேர்ந்தால் இதன் வேகம் கூடும்.

தண்ணீர் ஓதிக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. நம் வீட்டிலும் ஓதுகிறோம். ஆனால் ஓதியாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்பது தவக்கல் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

ரமளானில் வீட்டின் நேரமே புரண்டுவிடும். ஸஹருக்கு எழுந்து, பகலில் கண்ணயர்ந்து, தராவீஹ் முடிந்து வரும்போது பத்து கடந்துவிடும். பிள்ளையின் மணிகள் மட்டும் புரளக் கூடாது. பத்து மணிக்கு வீட்டில் யார் இருப்பது என்று பிறை காணுமுன்பே பேசி முடிவு செய்யுங்கள். கூட்டாளிகளைப் பார்த்துப் பிள்ளையும் நோன்பு பிடிக்க ஆசைப்படும். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. பருவமடைந்தாலும் நோயாளிக்குச் சலுகையுண்டு. களாவா ஃபித்யாவா என்பதை டாக்டர் சொன்னதோடு ஆலிமிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஊருக்குப் போகும்போது இன்னொன்று. இந்தியக் கடிகாரம் இங்கைவிட இரண்டரை மணி பின்னால். இங்கே காலை 6 என்பது அங்கே விடிகாலை 3.30. அங்கே எந்த மணிக்குக் கொடுப்பது, எப்படிப் படிப்படியாக மாற்றுவது என்பதையும், விமானத்தில் ஆக்சிஜன் தேவைப்படுமா என்பதையும் டிக்கெட் எடுக்குமுன் டாக்டரிடம் கேளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று தாயிடமும் ஒன்று தகப்பனிடமும் இருக்கட்டும்.