கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கட்டில்

இங்கிலாந்தின் டார்பிஷரில் உள்ள கால்க் அபி மாளிகையில் ஒரு கட்டில் இருக்கிறது. சீனப் பட்டுத் திரைகள், நெருக்கமான பூத்தையல். 1734இல் அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட லேடி கரோலின் மானர்ஸுக்கு அரச குடும்பத்திலிருந்து வந்த பரிசு என்று சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெட்டிகளிலேயே கிடந்திருக்கிறது. 1985இல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்த பிறகுதான் உலகம் அதைப் பார்த்தது. வெளிச்சம் படாததால் நிறம் மங்கவில்லை.

இப்போது அது மங்கிய ஒளியில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. நான் செல்பேசியில் படமெடுத்தேன். பட்டின்மேல் என் முகம் விழுந்திருந்தது. எரிச்சலோடு நகர்ந்து நின்று, முகம் விழாமல் மறுபடி எடுத்தேன். ஆளில்லாத படம் கிடைத்ததும் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்திதான் பிறகு என்னை உறுத்தியது.

பழைய மாளிகைகளின் படுக்கையறைப் படங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. சுருக்கமில்லாத விரிப்பு, ஒதுக்கிக் கட்டிய திரை, யாருமில்லை. அங்கே பிள்ளை பெற்றவளும் நோயில் கிடந்தவளும் படத்தில் இல்லை. விடியுமுன் வந்து கணப்பின் சாம்பலை அள்ளி, இரவுப் பாத்திரத்தைச் சுமந்து போன பணிப்பெண்ணும் இல்லை. மிஞ்சுவது செல்வம் மட்டும். அழகாக இருக்கும் அந்தப் படம் பொய் சொல்கிறதா?

‘இறந்துபோனவளின் படுக்கையறையை வெறுமையாகக் காட்டுவதுதானே மரியாதை?’ என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தத் தனிமை அவளுக்கு உயிரோடு இருந்தபோது கிடைத்ததா?

அதே டார்பிஷரில் ஹார்ட்விக் ஹால் இருக்கிறது. 1590களில் பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்ற செல்வப் பெண்மணி கட்டியது. அவருடைய பேத்தி ஆர்பெல்லா ஸ்டூவர்ட்டுக்கு அரியணை உரிமை இருந்தது. அதனாலேயே அவளை அங்கே காவலில் வைத்திருந்தார்கள். வளர்ந்த பெண்ணான பிறகும் பாட்டியின் அறையிலேயே படுக்க வேண்டியிருந்தது. 1610இல் அரசரின் அனுமதியின்றித் திருமணம் செய்துகொண்டாள். 1615இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தாள்.

சட்டமும் அவர்களைக் காக்கவில்லை. தலைமை நீதிபதியாக இருந்த மேத்யூ ஹேல் எழுதிய நூல், அவர் இறந்து 60 ஆண்டுகள் கழித்து, 1736இல் அச்சானது. மணமான பெண் கணவனுக்குத் தன் சம்மதத்தை ஒருமுறை தந்துவிட்டாள், அதைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே கணவன்மேல் வன்புணர்வுக் குற்றம் நிற்காது என்றது அது. கரோலினின் திருமணத்துக்கு இரண்டே ஆண்டுகள் பிந்தியது அந்த நூல். பட்டின்மேல் ஃப்ளாஷ் வெளிச்சம் படக் கூடாது, யாரும் தொடக் கூடாது என்று இன்று பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், பெயர் தெரியாத கைகள் தைத்த துணி அது. ஆனால் ‘தொடாதே’ என்று சொல்லும் உரிமை கட்டிலுக்குக் கிடைத்திருக்கிறது, அதில் படுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 1991இல் அந்தக் கருத்தைத் தூக்கியெறிந்தார்கள். ஆனால் 1860இல் ஆங்கிலேயர் நமக்கு எழுதித் தந்த தண்டனைச் சட்டத்தில் அந்த விதிவிலக்கு ஏறியிருந்தது. 2023இல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், மனைவிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் அது அப்படியே தொடர்கிறது. எனவே அந்தக் கட்டிலை அயல்நாட்டுக் காட்சிப் பொருளாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

என் முகம் விழுந்த முதல் படத்தைத்தான் இப்போது வகுப்பில் காட்டுகிறேன். பார்ப்பவளும் அதில் இருக்கிறாள். படத்துக்குக் கீழே 1734 என்பதோடு 1736, 1991 என்ற ஆண்டுகளையும் எழுதுகிறேன்.

“நம்ம ஊருக்கு எந்த வருஷம், மேடம்?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.