கல்லாவிலிருந்து எடுத்த நூறு ரூபாய்

மூன்று சிநேகிதர்கள் கூடி ஒரு சிறு காப்பிக் கடை வைக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வோம். ஒருவர் 2 லட்சம் ரூபாய் போடுகிறார். மற்றொருவர் 50,000 போட்டு, தம் வீட்டின் முன்பகுதியை வாடகையில்லாமல் கடைக்கு விடுகிறார். மூன்றாமவரும் 50,000 ரூபாய்தான் போடுகிறார். ஆனால் அவருக்குக் காப்பி போடத் தெரியும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, இரவு 9 மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பவர் அவரே. “நமக்குள்ளே பத்திரம் எதற்கு?” என்று சிரித்துக்கொண்டே மூவரும் தொழிலை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆறு மாதம் செல்கிறது. ஓர் இரவு கல்லாவை எண்ணும்போது மூன்றாமவர் 100 ரூபாயை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். மறுநாளும் அப்படியே. கணக்கில் எழுதவில்லை. “நான் பாடுபட்ட கூலிதானே” என்று மனம் சமாதானம் சொல்லுகிறது. அது கூலியா, திருட்டா?

நேயர்களே, திருட்டு என்று சட்டெனத் தீர்ப்புச் சொல்வது எளிது. அவர் பக்கத்து நியாயத்தையும் சற்றுக் கேட்போம். மற்ற இருவருக்கும் வேறு உத்தியோகம் உண்டு, சம்பளம் உண்டு. மாலையில் கடைக்கு வந்து, காசு கொடாமல் காப்பி குடித்து, வியாபாரம் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். (அந்தக் காப்பியையும் எவரும் கணக்கில் எழுதுவதில்லை என்பதைக் கவனிக்க.) இவர் செய்யும் வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்திருந்தால் மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுத்தே தீரவேண்டுமன்றோ?

சட்டமோ அவருக்குக் கைகொடுக்காது. கூட்டாளிகள் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிடில், தொழிலை நடத்தியதற்காக எந்தக் கூட்டாளியும் ஊதியம் கேட்க முடியாது என்கிறது 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். லாபமும் நஷ்டமும் சமபங்கு. ஆதலால் 2 லட்சம் போட்டவருக்கும் 50,000 போட்டவருக்கும் ஒரே பங்குதான். அவருக்கும் அது மனத்தாங்கலே. இடம் விட்டவருக்கும் வாடகை நினைவு வராமற் போகாது. இவ்வாறு மூவரில் ஒவ்வொருவரும், தாமே மற்ற இருவரையும் சுமப்பதாக உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு, வெளியே முகமலர்ச்சியோடு இருக்கிறார்கள். கடை கடன்பட்டாலோ, பால்காரர் மூவரில் எவரிடமும் முழுப் பாக்கியையும் கேட்கலாம்.

சரி, அந்த 100 ரூபாய்? கூலி என்பது கொடுப்பவரும் அறிந்து கொடுப்பது. இங்கே வாதியும் நீதிபதியும் ஒருவரே. இன்று 100 என்று தீர்ப்பளித்தவர், பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டவேண்டிய நாளில் 300 என்று தீர்ப்பளிப்பார். தொகையை நிர்ணயிப்பது அவருடைய உழைப்பன்று, அவருடைய அவசரம். அன்றியும், அது நியாயமான கூலியென்று அவரே மெய்யாக நம்பினால் சிட்டையில் ஒரு வரி எழுதக் கை ஏன் கூசுகிறது? கேட்டு வாங்கியிருந்தால் அது கூலி. கேளாமல் எடுத்ததை அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் அவர் வாயைக் கட்டியது யார்? முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வார்த்தைதான். அதன்பின் சம்பளம் என்று வாயெடுத்தால் சிநேகத்தை விலைபேசுவதாக ஆகிவிடும் என்று பயந்தார். தூக்கமில்லாமல் சிவந்த கண்களை ஆறு மாதம் பார்த்தும் மற்ற இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேளாதிருந்தது அவர்களுக்கு லாபமாகவும் இருந்தது. அவர்களும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது கல்லாப் பெட்டியில் இல்லாததால் எவர் கண்ணிலும் படவில்லை.

எழுதி வைத்தால் நட்புக் கெடும் என்பது வீண் பயம். 1950-களில் காப்பி போர்டு தன் காப்பி நிலையங்களை மூடி வேலையாட்களை நீக்கியபோது, அவர்கள் கூடிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957-ல் பெங்களூரிலும் 1958-ல் திருச்சூரிலும் தாங்களே உரிமையாளராகி அதே காப்பியைப் பரிமாறினார்கள். கூட்டுறவுச் சங்கமென்றால் விதியும் உண்டு, கணக்குத் தணிக்கையும் உண்டு. ஒன்றாக வேலையிழந்த தோழர்கள் அவற்றை ஒருவரையொருவர் சந்தேகிப்பதாக எண்ணவில்லை.

இந்நாளில் கல்லாவில் விழும் பணமே குறைவு. சுவரில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையில் கைப்பேசியைக் காட்டினால் பணம் எவரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. அந்த ஒருவர் யார் என்பதையாவது பேசாமல் கடை திறக்கலாமா?

நம் காப்பிக்காரர் 40 நாள் எடுத்திருந்தால் 4,000 ரூபாய் ஆகிறது. அதை அவர் முதலில் மேசைமேல் வைக்கட்டும். மற்ற இருவரும் அதை எண்ணிப் பார்க்குமுன், ஆறு மாதச் சம்பளம் எவ்வளவு என்று அவரைக் கேட்கட்டும். வாடகையைப் பற்றியும் அன்றிரவே பேசிவிடலாம். பேச்சு நள்ளிரவைத் தாண்டினாலும் தாண்டட்டும். ஆனால் 4 மணிக்குப் பால் வந்துவிடும், அதை வாங்கி வைக்க இந்த ஒரு நாளாவது வேறொருவர் எழுந்திருக்க வேண்டும்.