நிற்கப் பழகுதல்

புதிதாக வாங்கி வந்த இரும்புத் தோசைக்கல்லில் அன்றைக்கே நல்ல தோசை வார்த்துவிடலாம் என்று நம் வீட்டுப் பெண்கள் யாரும் நம்புவதில்லை. கல்லைக் கழுவி, எண்ணெய் தடவி, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெய் தடவிச் சூடாக்கி, இரண்டு மூன்று நாள் அதனோடு மல்லாடிய பிறகுதான் மாவை ஊற்றுகிறார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பழக்குவது’. காளைக் கன்றை ஏருக்குப் பழக்குவது, குழந்தையை எழுத்துக்குப் பழக்குவது, கல்லைத் தோசைக்குப் பழக்குவது, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் ஒரே வினைச்சொல்லைக் கொடுத்த மொழிக்கு ஏதோ ஓர் உண்மை தெரிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மோட்டார்க் காரின் பிரேக்கும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். ஆனால் கார் ஓட்டுகிறவர்களிலே பலருக்கு இது தெரியாது. புதிய டிஸ்கும் புதிய பேடும் மாட்டியாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது. இனி மிதித்தால் நிற்க வேண்டியதுதானே என்று நினைக்கிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் போகிற வழியில், வீராணம் ஏரியை ஒட்டி இருக்கிறது லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அரபுக் கல்லூரிக்கும் பேர்போன ஊர். வளைகுடா நாடுகளில் உழைத்துச் சம்பாதிக்கும் பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் அங்கே ஏராளம். ஆகவே சென்னை விமான நிலையத்துக்குக் கார் போவதும் வருவதும் அந்த ஊர் வாழ்க்கையில் ஒரு பகுதி. இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். பல சமயம் இரவுப் பிரயாணம். இப்படி ஒரு நிலைமையை எண்ணிப் பாருங்கள். சாயங்கால வேளை. தம்பியை விமானம் ஏற்றிவிட அன்றிரவே புறப்பட வேண்டிய ஒருவர், பிரேக் வேலைக்கு விட்ட காரை வாங்கிப்போக ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார்.

“வண்டி ரெடி, பாய். ஆனா ஒரு அரைமணி நேரம் கொடுங்க. காலியான ரோடாப் பார்த்து ஓட்டிப் பழக்கிட்டுத் தந்துடறேன்.”

“நேரம் ஏது தம்பி? ஒன்பது மணிக்குக் கிளம்பணும். புதுசுதானே மாட்டியிருக்கே, இன்னும் என்ன பழக்கறது?”

“புதுசா இருக்கறதாலதான், பாய்.”

மெக்கானிக் சொன்ன அந்தப் பதிலைச் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

வேகமாக ஓடும் வண்டி நிற்கிறதென்றால் அதன் வேகம் எங்கேயும் மாயமாக மறைந்துவிடுவதில்லை, சூடாக மாறுகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கிற சூடு, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வேகம் இரு மடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். டீக்கடை அடுப்பில் பல நிமிஷங்களில் நடக்கிற காரியத்தைச் சில விநாடிகளில் தாங்கிக்கொள்வது உள்ளங்கை அகலமுள்ள சில பேடுகளும் அவை கவ்வுகிற டிஸ்குகளும்தான்.

புதிய பேட் புதிய டிஸ்கின்மேல் முழுப் பரப்பிலும் ஒட்டி உட்காருவதில்லை. அங்கங்கே மேடான இடங்கள் மட்டுமே தொடுகின்றன. பேடிலுள்ள பிசின் இன்னும் முழுச் சூட்டைப் பார்த்ததில்லை. அதனால் முதலில் மிதமாக மிதிக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை, முற்றிலும் நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, சூடு ஆற அரை கிலோமீட்டர் ஓடவிட்டு, இப்படிப் பத்துத் தடவை போலச் செய்வது வழக்கம். எண்ணிக்கையும் வேகமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், முறை மாறாது. இதைச் செய்யச் செய்யப் பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்கின்மேல் சமமாகப் படிகிறது. அதன்பின் பிடிப்பது வெறும் இரும்பை அல்ல. தன் இனத்தைத் தானே பிடிக்கிறது. அதற்குப் பிறகும் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வரை, அவசியமில்லாமல் அழுத்தி மிதிக்க வேண்டாம் என்பார்கள்.

இந்தப் பழக்குதலைக் கெடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆரம்பத்திலேயே ஆவேசமாக மிதித்து, ஆறவிடாமல் மேலும் மேலும் மிதிப்பது ஒன்று. பேடின் முகம் கண்ணாடிபோல் இறுகிப் பளபளக்கும். பார்வைக்கு அழகாக இருக்கும், பிடிக்காது. சூடேறிய பிரேக்கை மிதித்தபடியே ஒரே இடத்தில் நிற்பது மற்றொன்று. பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் திட்டாகப் படிந்துவிடும்; பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் வண்டி நடுங்கும். டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் சொல்கிற குற்றத்துக்கு, பல சமயம் இந்தத் திட்டே காரணம்.

இவ்வளவும் இரும்பைப் பற்றிய சங்கதி. ஆனால் மனிதனைப் பற்றி யோசிக்காமல் இதைப் படிக்க முடிகிறதா?

‘வேண்டிய சமயத்தில் நிறுத்திக்கொள்வேன்’ என்று சொல்லாத மனிதன் இல்லை. கோபத்தைப் பற்றியும், குடியைப் பற்றியும், கடனைப் பற்றியும், கைக்கு வந்த பதவியைப் பற்றியும் அப்படித்தான் சொல்லுகிறோம். அடக்கம் என்பது நமக்குள்ளே எங்கேயோ மாட்டிவைத்த பொருள், ஆபத்து வரும்போது மிதித்தால் பிடித்துவிடும் என்று நம்புகிறோம். பேட் மாற்றிய வண்டியில் முதல் தடவை மிதித்தால் என்ன நடக்கும் என்று எந்த மெக்கானிக்கையும் கேளுங்கள். பேடை உள்ளே வைப்பதற்காகப் பிஸ்டனைப் பின்னே தள்ளியிருப்பார்கள். அதனால் மிதி தரைவரை போகும், பிடிப்பே இராது. வண்டியை நகர்த்துவதற்கு முன்பே நாலைந்து தடவை மிதித்து அதை மேலே கொண்டுவர வேண்டும். ஒருநாளும் மிதித்துப் பார்க்காத அடக்கத்தை அவசரத்தில் தேடுகிறவனுடைய கதியும் அதுதான்.

லால்பேட்டைப் பிள்ளைகள் நோன்பு பிடிக்கக் கற்றுக்கொள்வதும் இந்த முறையில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளை ரமலானில் ‘நானும் நோன்பு’ என்று அடம்பிடித்தால் நாள் முழுவதும் பட்டினி கிடக்கத் தாய் விடமாட்டாள். நண்பகல் வரை இருக்கச் சொல்வாள். இரண்டு நாள் கழித்து மற்றொரு நாள். அடுத்த வருஷம் இன்னும் சில நாட்கள். இடையில் சோறும் விளையாட்டும் தூக்கமும் உண்டு. பெரியவனாகி முப்பது நாளும் நோன்பிருக்கும்போது அது வெளியிலிருந்து யாரோ போட்ட விலங்காக அவனுக்குத் தெரியாது. மெல்லிய படலம்போல அது அவன்மேல் படிந்து அவனுடையதாகவே ஆகிவிட்டிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று சபதம் போட்டவர்களில் சிலரைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பளபளப்பு; சோதனை வந்தால் வழுக்கல்.

இங்கே ஒரு கேள்வி எழும். பழக்கத்தினால் வந்த அடக்கம் ஒழுக்கமாகுமா? அது வெறும் இயந்திரச் செயல் அல்லவா? தோசைக்கல்லுக்குக் கிடைத்த பண்பை நற்பண்பு என்று யாராவது புகழ்வார்களா? நியாயமான கேள்விதான். நல்ல செயல்களைச் செய்து செய்தே மனிதன் நல்லவனாகிறான் என்று கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே சொன்னார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பேட் தானாகப் பழகுவதில்லை. அதற்காக யாரோ ஒருவன் அரைமணி நேரத்தைக் கொடுக்கிறான். ஆபத்து எதுவும் இல்லாதபோதே, வரப்போகும் ஆபத்தை எண்ணி, முகம் தெரியாத ஒருவனுக்காக அதைக் கொடுக்கிறான். இரவில் சாலையைக் கடக்கப்போகும் அந்த மனிதனுக்கு, தனக்காக அரைமணி செலவழிக்கப்பட்டது என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. பழக்கம் இயந்திரமாக இருக்கட்டும். பழக்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்த மனம் இயந்திரமல்ல. ஒழுக்கம் அந்த முடிவிலே இருக்கிறது.

பழக்குகிற காலத்தில் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் என்ன செய்வது? முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டியதுதான். பேட் கெட்டால் கெட்டுப்போகட்டும். பழக்கம் உயிருக்காக ஏற்பட்டது. நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பிலிருந்து விலக்களித்து, வேறு நாட்களில் நிறைவேற்றிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் அறிந்த உண்மை இது.

அடக்கம் வேகத்துக்கு எதிரி என்று இளைஞர்கள் நினைப்பதுண்டு. 1953-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் லெ மான் நகரில் நடந்த இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றது. அதன் வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம், அதில் பொருத்தியிருந்த டிஸ்க் பிரேக். மற்றவர்கள் வளைவுக்கு வெகுதூரம் முன்பே வேகத்தைக் குறைக்க, இந்தக் கார் நெருங்கி வந்தபின் குறைத்தது. நிற்கத் தெரிந்த வண்டியே துணிந்து ஓடியது.

ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் அந்த இருவரில் யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டால், காருக்குச் சொந்தக்காரர்தான் என்பேன். அந்த அரைமணிக்கு ரசீதிலே தனி வரி இராது. சீக்கிரம் கொடுத்தால் மெக்கானிக்குக் கைத்தட்டலும், தாமதித்தால் திட்டுமே கிடைக்கும். அப்படியிருந்தும் ‘பழக்கிவிட்டுத் தருகிறேன்’ என்று சொல்பவன், விற்ற பொருளோடு தன் கடமை முடிந்துவிடவில்லை என்று அறிந்தவன். அவன் கேட்கும் அரைமணியைக் கொடுங்கள். விமான நிலையத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போகலாம். தம்பியோடு போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம்.