கட்டி வைப்பது காவல் ஆகாது

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், ஓக்டன் பகுதியில் அரசே நடத்திவந்த முதியோர் மனநல இல்லம் 2017இல் மூடப்பட்டது. மறதிநோய் முற்றியவர்களைப் பட்டையால் பிணைப்பது அங்கே மிதமிஞ்சிப் போயிருந்தது. தரச்சான்று பெற்ற இல்லம்தான் அது. ஒரு குடும்பம் விடாமல் புகார் கொடுத்த பிறகே உண்மை வெளிவந்தது. மாநில வரலாற்றின் வெட்கக்கேடு என்றார், 2018இல் அறிக்கை அளித்த ஊழல் எதிர்ப்பு ஆணையர் புரூஸ் லேண்டர்.

விழாமல் காக்கவென்று நினைவிழந்த முதியவரைக் கட்டி வைக்கலாமா? கூடாது என்பதே அறம்.

மாலை நான்கு மணிக்கு ஒரு மூதாட்டி எழுகிறார். பள்ளிக்கூடம் விடும் நேரமாம், பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டுமாம். கூடவே நாலு எட்டு நடக்க ஆளிருந்தால் மனம் அமைதியாகிவிடும். ஆளில்லாத இடத்தில் இடுப்புப் பட்டை இறுகுகிறது, அல்லது மாத்திரை வருகிறது. சிறுநீர் முட்டியதா, மூட்டு வலித்ததா என்று கேட்பாரில்லை. கட்டுண்ட உடலில் தசை வற்றும், புண் வரும். அவிழ்த்தால் கால் தாங்காது. அடக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளோ பக்கவாத ஆபத்தைக் கூட்டும். விழாமல் காப்பதாகச் சொன்ன கட்டே விழவைக்கிறது.

மெலியவர்மேல் பாயுமுன், வலியவர்முன் தான் நிற்கும் நிலையை நினைக்கச் சொன்னார் வள்ளுவர். புறநானூற்றுப் புலவர் தொடித்தலை விழுத்தண்டினார் கோலூன்றி இருமிய வயதிலும், மடுவில் பாய்ந்து மணல் அள்ளிய இளமைக்கு ஏங்கினார். அந்த மூதாட்டி தேடுவதும் அத்தகைய ஒரு காலத்தைத்தான். மணிமேகலை மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள்; நாமோ அறக்கோட்டத்தைச் சிறையாக்குகிறோம்.

அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் ஊழியருக்கும் அடிபடாதிருக்கும் உரிமை உண்டுதான். வேறு வழியற்ற நொடியில் சற்றே தடுப்பதை யாரும் குறை சொல்லார். அதை அன்றாட வழக்கமாக்குவதே கொடுமை.

கொடுமையின் வேர் ஆள்பற்றாக்குறை. ஆஸ்திரேலியா முதியோர் பராமரிப்பு பற்றி அரச விசாரணை ஆணையம் அமைத்து, 2021இல் அதன் இறுதி அறிக்கையைப் பெற்றது. இன்று அங்குள்ள முதியோர் இல்லங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு கட்டாயம். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது. கட்டுவதும் மருந்தால் அடக்குவதும் கடைசி வழியாக மட்டுமே இருக்கலாம் என்கிறது சட்டம்.

சட்டம் மட்டும் காக்காது. பெற்றோரை இல்லத்தில் சேர்த்தவர்கள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும். இரவுப் பணியில் எத்தனை பேர், இந்த மாத்திரை எதற்கு, யார் எழுதியது என்று கேட்க வேண்டும். கேட்க ஆளுள்ள முதியவர்மேல் கை வைக்க எவரும் தயங்குவர். வந்து பார்க்க யாருமற்ற பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.